கடற்காவல் புரிந்த முன்னோரின் இல்லறம் தேடி

திருவையாற்றைத் தழுவிச் செல்லும் காவிரி கடலொடு கலக்குமிடம் பூம்புகார். அத்துறையில் பண்டங்களின்மீது புலிமுத்திரை பொறித்துச் சுங்கம் கொண்ட காவலரின் சோர்வறியாக் கடமையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் போற்றுகின்றார். ஆனால் கடமை முடித்து அக்காவலர் திரும்பிய இல்லம் எத்தகையது? அங்கே காத்திருந்தவர் யாவர்? இவ்வினாக்களுக்கு அப்பாட்டில் விடையில்லை. பிற்கால அரசாங்க ஏடுகளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. காவலரைக் காட்டும் ஏடு அவர்தம் குடும்பத்தைக் காட்டுவதில்லை. அதனை வேறிடத்தில் தேடல் வேண்டும்.

முதலில் இலாகாவை அறிக

‘எங்கள் பாட்டனார் கடற்கரைக் காவலில் இருந்தார்’ என்று கூறும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. இந்தியக் கடலோரக் காவற்படை சட்டப்படி அமைந்தது 1978இல்தான். அதற்கு முற்பட்டவர் எனின் அவர் பெரும்பாலும் சுங்க இலாகாவிலோ உப்பு இலாகாவிலோ பணியாற்றியவராதல் வேண்டும். சென்னை மாகாணத்தில் உப்பு 1805 முதல் அரசின் தனியுரிமையாயிற்று. உப்பளங்களைக் காக்கவும் கள்ள உப்பைத் தடுக்கவும் சேவகர் பலர் அமர்த்தப்பெற்றனர். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தமையால், அதன் எல்லையிலும் சுங்கக் காவல் தேவைப்பட்டது.

இத்துறைகளின் பழைய நடவடிக்கைக் குறிப்புகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் காணலாம். நாகப்பட்டினம் தனி மாவட்டமானது 1991இல் ஆதலின், வேதாரண்யம், நாகூர் பற்றிய முந்திய செய்திகளைத் தஞ்சாவூர் மாவட்டத்தின் பெயரிலேயே தேடல் வேண்டும்.

இல்லறம் எங்கே பதிவாகியுள்ளது?

இசுலாமியக் குடும்பமாயின், பள்ளிவாசல் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தரே முதற்சான்று. மணமக்கள் பெயர், தந்தையர் பெயர், மஹர், சாட்சிகள் ஆகியன அதில் இடம்பெறும். அரசு ஏட்டில் இல்லாத பெண்ணின் பெயர் இங்கே கிடைக்கும். சாட்சிகளின் பெயர்களோ, அவ்வூரில் அக்குடும்பத்துக்கு நெருங்கியவர் யாவர் என்பதைக் காட்டும்.

அடுத்தது பத்திரப் பதிவு அலுவலகம். மணமகன் மனைவியின் வீட்டிற் சென்று வாழும் வழக்கம் மரக்காயர் வாழும் கடற்கரை ஊர்கள் சிலவற்றில் உண்டு. அங்கே வீடு மகளுக்கே எழுதப்படும். ஆகவே ஆண்வழிப் பெயரை மட்டும் கொண்டு தேடுவோர் வீட்டைக் காணார். மனைவி வழியும் மாமியார் வழியும் தேடுதல் இன்றியமையாதது.

மையவாடியின் மீசான் கற்களும் சான்றுகளே. அவற்றில் ஹிஜ்ரி ஆண்டைக் கண்டால் ஆங்கில ஆண்டோடு ஒப்பிட்டு அறிதல் வேண்டும். பழங்கடிதங்களிலும் வீட்டுக் கணக்குகளிலும் தமிழாண்டுப் பெயர் வருமாயின், அது அறுபதாண்டுக்கு ஒருமுறை மீளும் என்பதை மறத்தலாகாது. பிரமோதூத ஆண்டு 1930இலும் வந்தது, 1990இலும் வந்தது.

கசப்பான வினா

அந்த 1930ஆம் ஆண்டிலேதான் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் தஞ்சை மாவட்டத்தின் வழியே நடந்து சென்று வேதாரண்யத்தில் உப்பெடுத்தனர். அவர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். மக்களும் வாளாவிருக்கவில்லை. காவலர் ஒருவருக்கு முகம் மழிக்க மறுத்த வைரப்பனின் பெயரை வேதாரண்யம் இன்றும் போற்றுகின்றது. அந்நாளில் உப்புச் சேவகரின் மனைவி யார் வீட்டில் தண்ணீர் எடுத்தாள்? அவர்தம் பிள்ளைகளோடு விளையாடியவர் யாவர்? நம் முன்னோர் அரசின் பக்கம் நின்றவர் என்று தெரியவரின் அதனை மறைத்தல் ஆய்வாகாது. பிழைப்புக்கும் ஊருக்கும் இடையே ஒரு குடும்பம் பட்ட பாட்டை உள்ளவாறு எழுதுவதே நேர்மை.

இவ்வினாக்களுக்கு விடை கூறத்தக்கவர் மூதாட்டியரே. தம் தாயாரும் பாட்டியாரும் சொல்லக் கேட்டவற்றை அவர்கள் இன்னும் நினைவில் வைத்திருக்கின்றனர். 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் ஏறத்தாழ 6,000 உயிர்களைக் கொண்டது. வீடுகளோடு பெட்டிகளில் இருந்த கடிதங்களையும் பத்திரங்களையும் வாரிச் சென்றது. எஞ்சியவற்றைக் கறையான் தின்கின்றது.

மாணவச் செல்வங்களே! வரும் விடுமுறையில் உங்கள் இல்லத்து மூத்த பெண்மணியின் அருகமர்ந்து, அவர் கூறும் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். ஜமாஅத்துப் பெரியோர்களும் பழைய தப்தர்களைப் படியெடுத்துக் காப்பார்களாக. ஏடுகள் பின்னரும் கிடைக்கலாம். அவற்றில் இல்லாதவற்றைச் சொல்வோர் நெடுநாள் இரார்.