பால் மங்கும் உருகும் கல்லும்

கெடா, செர்டாங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மங்கு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பால்மரத்தில் கம்பியில் தொங்கும் அந்தச் சிறிய கிண்ணத்தைத் துடைத்து வைப்பதற்காகவே, பள்ளிக்குப் போகும் முன் பெற்றோருடன் ரப்பர் காட்டுக்குள் நுழைந்த பிள்ளைகள் பலர். பீங்கான் மங்கின் அடியில் காய்ந்திருக்கும் பாலைப் பிடித்து இழுத்தால் தோல்போல் உரிந்து வரும். வெயிலிலும் மழையிலும் எத்தனை காலம் தொங்கினாலும் பால் அதற்குள் ஊறாது.

அதே வீட்டில் பொங்கலுக்கு வாங்கிய மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் சற்று நேரத்தில் வெளிப்புறம் ஈரம் பூக்கும். இரண்டும் மண்தான். இரண்டும் சூளையில் வெந்தவைதான். ஒன்று கசிகிறது, மற்றொன்று கசியவில்லை. காரணம் என்ன?

வெந்த மண், உருகிய மண்

கோலசிலாங்கூர்ப் பகுதியில் தமிழ்க் குயவர்கள் செய்யும் பொங்கல் பானை போன்ற மண்பாண்டங்கள் பொதுவாக 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வேகின்றன. அந்தச் சூட்டில் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே தவிர, இடையிலுள்ள நுண்துளைகள் அடைபடுவதில்லை. அது குறையல்ல. கசியும் நீர் ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிறது. ஆனால், அத்தகைய மண்ணில் மெருகில்லாமல் மங்கு செய்திருந்தால் பால் துளைகளுக்குள் இறங்கி உறைந்துவிடும். பிறகு எந்தப் பிள்ளையாலும் அதைத் துடைத்து எடுக்க முடியாது.

துளைகளை அடைக்க வேண்டுமானால் மண்ணின் ஒரு பகுதியாவது உருக வேண்டும். வெள்ளைக் களிமண் உருக ஏறத்தாழ 1,770 டிகிரி தேவை. குவார்ட்ஸ் என்னும் வெண்கல்லுக்கு 1,700 டிகிரிக்கும் மேல் வேண்டும். சாதாரணச் சூளையில் இது நடக்கிற காரியமல்ல. இங்கேதான் ஃபெல்ட்ஸ்பார் என்ற கல் உதவுகிறது. அது சுமார் 1,150 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். காரணம் அதிலுள்ள பொட்டாசியமும் சோடியமும். தான் முதலில் உருகி, பக்கத்திலுள்ள களிமண்ணையும் குவார்ட்ஸையும் சிறிது சிறிதாகக் கரைத்து, துளைகளில் புகுந்து நிரப்புகிறது. சூடு தணிந்ததும் கண்ணாடியாக உறைகிறது. இப்படிச் செயல்படும் பொருளைத்தான் இளக்கி என்கிறார்கள்.

எலும்பும் சதையும்

சீனாவின் ஜிங்டெஜென் குயவர்கள் இதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். வெள்ளைக் களிமண் எலும்பு, அதனுடன் சேரும் கல் சதை என்பது அவர்களின் விளக்கம். அங்கிருந்த பிரெஞ்சு பாதிரியார் ஒருவர் 1712இல் எழுதிய கடிதத்தின் மூலம் இந்த இரட்டைக் கலவையின் விவரம் ஐரோப்பாவுக்குத் தெரிந்தது.

இன்றைக்கும் வழக்கமான பீங்கான் கலவையில் பாதி களிமண், கால் பங்கு ஃபெல்ட்ஸ்பார், கால் பங்கு குவார்ட்ஸ் இருக்கும். உருகிய ஃபெல்ட்ஸ்பார் தண்ணீர்போல் ஓடாது, கெட்டிப் பாகுபோல் நிற்கும். அதற்குள் களிமண்ணிலிருந்து ஊசி ஊசியான முல்லைட் படிகங்கள் உருவாகின்றன. சிமெண்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிபோல் இவை பீங்கானுக்கு உறுதி தருகின்றன.

அளவு முக்கியம். இளக்கி குறைந்தால் துளைகள் மிஞ்சும், பாத்திரம் நீரை உறிஞ்சும். கூடினால் சூளைக்குள்ளேயே கிண்ணம் சாய்ந்து குழையும். சோடியம் மிகுந்த வகை சீக்கிரம் இளகி ஓடும். பொட்டாசியம் மிகுந்த வகை மெதுவாக இளகி உருவத்தைக் காக்கும். போர்சலின் தரை ஓடு உறிஞ்சும் நீர் அதன் எடையில் அரை விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது உலகத் தரவிதி. அந்தத் தரத்தை எட்ட உதவுவது இந்த இளக்கிதான்.

மங்கு பிறந்த சூளை

மலாயாத் தோட்டங்களுக்கான பால் மங்குகளைச் செய்தவை விறகால் எரியும் நீண்ட சீனச் சூளைகள். மலைச்சரிவில் படுத்த நாகம்போல் இருப்பதால் டிராகன் சூளை என்று பெயர். சிங்கப்பூர் ஜூரோங்கில் 1940இல் கட்டப்பட்ட தாவ் குவாங் சூளையும் அத்தகையதே. அங்கே சூடு 1,200 டிகிரியைத் தாண்டும். களிமண்ணில் இயற்கையாகக் கலந்திருக்கும் இளக்கித் தாதுக்கள் உருகி உடலை இறுக்கும். விறகுச் சாம்பலின் சுண்ணாம்பும் பொட்டாசும் மேல்மெருகுக்கு உதவும். சாம்பல் விறகுக்கு விறகு மாறும். ஃபெல்ட்ஸ்பாரின் குணமோ ஓரளவு நிலையானது. தொழிற்சாலைகள் அதை விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கல் எங்கோ கிடைக்கும் அபூர்வப் பொருளல்ல. கெடா, பேராக் எல்லையில் நீளும் பிந்தாங் மலைத்தொடர் கிரானைட்டால் ஆனது. கிரானைட்டில் பாதிக்கு மேல் ஃபெல்ட்ஸ்பார்தான். வெயிலும் மழையும் அந்தக் கல்லை நீண்ட காலம் அரித்தால் அதுவே வெள்ளைக் களிமண்ணாகிறது. பேராக்கின் தாப்பா, பீடோர் பகுதிகளில் தோண்டப்படும் களிமண்ணின் பிறப்பும் இப்படித்தான். ஆக, பீங்கானின் எலும்பும் சதையும் ஒரே தாயின் பிள்ளைகள்.

தூசியில் இருக்கும் ஆபத்து

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் மாவாக அரைக்கப்படும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். ராஜஸ்தானின் பியாவர் பகுதியில் கல் அரைக்கும் தொழிலாளர்கள் பலர் இந்த நோய்க்கு ஆளாகியுள்ளனர். வந்துவிட்டால் குணப்படுத்த மருந்தில்லை. தடுக்க மட்டுமே முடியும்.

வீட்டைப் புதுப்பிக்கும்போது தரை ஓட்டை உலர்ந்த நிலையில் வெட்டினால் கிளம்புவதும் அதே தூசிதான். நீர் விட்டு வெட்டுவதும், துணிக்குப் பதில் முறையான சுவாசக் கவசம் அணிவதும், பிள்ளைகளை அப்பால் அனுப்புவதும் அவசியம். வேலைக்கு வரும் தொழிலாளியிடம் இதைக் கேட்டு வாங்குவது வீட்டுக்காரரின் பொறுப்பு.

இன்று பல இடங்களில் பீங்கான் மங்கு போய் பிளாஸ்டிக் மங்கு வந்துவிட்டது. பாலைக் கட்டிப்பாலாகவே எடுக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. செர்டாங் பக்கத்துப் பழைய வீடுகளில் எங்காவது ஒரு பீங்கான் மங்கு மிஞ்சியிருந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். பேரப்பிள்ளையிடம் அதில் தண்ணீர் ஊற்றிக் காட்டலாம். ஏன் கசியவில்லை என்று அந்தப் பிள்ளை கேட்டால், தாத்தாவிடமும் பாட்டியிடமும் இனி பதில் உண்டு.