‘எல்லாம் போச்சு’ என்று மருந்தை விடாதீர்கள்

வலீமா விருந்தில் பிரியாணி சாப்பிட்டோம். மறுநாள் சர்க்கரை 280 காட்டுகிறது. “இனிப் பத்தியம் இருந்து என்ன பயன்?” என்று சோர்ந்து மாத்திரையையும் விட்டுவிடுகிறோம். பிரியாணியைவிட இந்த எண்ணமே அதிகம் கெடுக்கிறது.

இத்தகைய எண்ணங்களை மாற்றப் பழக்குவதே அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கியது. ஆலோசகர் கேட்பார்: மனதில் என்ன தோன்றியது? அது முழு உண்மையா? இன்று செய்யக்கூடிய சிறு செயல் எது? “தவறியது ஒரு வேளைதான், இன்று மாத்திரை போட்டு, மாலையில் நடப்பேன்” என்று எழுதிப் பழக வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்களிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிடக் கூடுதல். அது ஈமான் குறைவல்ல. மருத்துவம் உள்ள நோய். வீட்டார் ஏசாமல் உடன் நடக்கலாம். இச்சிகிச்சை மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் துணைதான், மாற்று அல்ல.

சிதம்பரம் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலும் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும்போது, மனச்சுமையையும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.