கத்தி மட்டும் கேட்கிறது

லண்டனில் ஒரு புகையிலைக் கடை. அதன் பின்கட்டில் காலைச் சாப்பாடு நடக்கிறது. முந்தைய இரவு, தன்னைக் கெடுக்க முயன்ற ஓவியனை ரொட்டிக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வந்து உட்கார்ந்திருக்கிறாள் கடைக்காரர் மகள் ஆலிஸ். ஊரில் நடந்த அந்தக் கொலையைப் பற்றி அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி ஓயாமல் பேசுகிறாள். பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்து வெறும் முணுமுணுப்பாகிறது. நடுநடுவே 'கத்தி' என்ற சொல் மட்டும் துல்லியமாகக் கேட்கிறது. அப்பா ரொட்டியை வெட்டச் சொல்கிறார். இன்னொரு 'கத்தி' உரக்க விழ, அவள் கையிலிருந்த கத்தி எகிறிப் போய் விழுகிறது.

சார்லஸ் பென்னட்டின் மேடை நாடகத்தை வைத்து ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1929இல் எடுத்த 'பிளாக்மெயில்' படத்தின் காட்சி இது. பிரிட்டன் அப்போதுதான் பேசும் படம் எடுக்கத் தொடங்கியிருந்தது. பேச்சு வந்ததே என்று பேசித் தீர்த்த படங்கள் நிறைய. இவரோ வந்த பேச்சை அழித்துக் காட்டினார்!

நாடக மேடையில் இதைச் செய்ய முடியாது. அங்கே ஒருத்தி பேசினால் அரங்கம் முழுவதற்கும் ஒரே பேச்சுதான். இங்கே நாம் ஆலிஸின் காதுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். காது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறது. எதைக் கேட்பது என்று தீர்மானிப்பது மூளை. 1953இல் கோலின் செர்ரி இதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார். இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சு ஓடும்போது, ஒன்றைக் கவனித்தவர்களுக்கு மற்றதில் என்ன சொன்னார்கள் என்றே தெரியவில்லை. 1959இல் நெவில் மோரே ஒரு விதிவிலக்கைக் கண்டார்: கவனிக்காத காதில் சொந்தப் பெயர் ஒலித்தால், சிலருக்கு அது மட்டும் தட்டுப்பட்டது. ஆலிஸுக்கு அன்று பெயரைவிட நெருக்கமான சொல் கத்தி.

எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் இந்தப் படம் ஊமைப்படமாகத்தான் தொடங்கியது. பாதியில் ஒலி வந்ததும் தலைவலியும் வந்தது. ஆலிஸாக நடித்த அன்னி ஓன்ட்ரா செக் நடிகை. லண்டன் கடைக்காரர் மகளுக்கு அவருடைய உச்சரிப்பு ஒட்டவில்லை. படம் எடுத்து முடித்த பிறகு குரலை மாற்றிச் சேர்க்கும் வித்தை அன்று கைவரவில்லை. என்ன செய்தார்கள்? ஜோன் பாரி என்ற நடிகை கேமராவுக்கு வெளியே மைக் முன் நின்று பேசினார். ஓன்ட்ரா அதற்கு வாயசைத்தார். இரவல் குரல்தான், ஆனால் நேரடி ஒலிபரப்புபோல, அந்தந்த நொடியிலேயே. பேசுபவர் அவசரப்பட்டால் வாய் பின்தங்கும்; மறுபடி முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

ஒலிக்கருவி இல்லாத கொட்டகைகளுக்காக ஊமை வடிவமும் வெளியானது. ஹிட்ச்காக்கும் ஓன்ட்ராவும் மைக்கைச் சோதித்த ஒரு துண்டுப் படமும் இன்றுவரை பிழைத்திருக்கிறது. அவர் கேலி செய்ய, ஓன்ட்ரா வெட்கப்பட்டுச் சிரித்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதில் கேட்பது ஓன்ட்ராவின் சொந்தக் குரல்.