சார்ஜர், கேபிள், மின்மானி: அளந்து வாங்கும் முறை

நூல் வாங்கும் நெசவாளர் சிட்டத்தைக் கையில் எடுத்து நம்பர் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. ஏலக்காய் விற்கும் விவசாயி தராசிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. அளவில் ஏமாறக்கூடாது என்பது நம் அங்கத்தினர்கள் யாவரும் நன்கு அறிந்த பாடம். ஆயினும் கைப்பேசிக்குச் சார்ஜரும் கேபிளும் வாங்கப் போகும்போது மட்டும் இந்தப் பாடத்தை நாம் கடையின் வாசலிலேயே விட்டுவிடுகிறோம். உறையின் மேல் “2 ஆம்பியர்” என்று அச்சிட்டிருந்தால் அதை அப்படியே நம்பி விடுகிறோம். அந்த எழுத்து மெய்யா, பொய்யா என்பதைச் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு சிறு கருவியைக் கொண்டு நாமே அளந்து அறியலாம். அதன் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராசிங்காபுரம் முதலான அடிவார ஊர்களில் கைப்பேசி இன்று ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளருக்கு வீட்டோடு தொடர்பு அது ஒன்றே. போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் காய் என்ன விலைக்குப் போயிற்று என்ற செய்தியும், வங்கிக் கணக்கில் பணம் வரவான செய்தியும் அதன் வழியாகவே வருகின்றன. மலைச்சரிவில் கோபுரத்தின் சமிக்ஞை மெலிந்திருப்பதால் கைப்பேசி தொடர்பைப் பிடித்து வைக்க அதிக மின்சக்தியைச் செலவிடுகிறது. ஆகவே இரவில் முழுமையாக மின்னேற்றம் பெறாத கைப்பேசி மாலைவரை தாங்காது. அன்றியும், மட்டமான சார்ஜர் சூடேறித் தீப்பற்றுமானால், நூலும் பஞ்சும் அடுக்கிய நெசவாளர் வீட்டில் நேரும் நஷ்டம் சார்ஜரின் விலையோடு நிற்காது.

முதலில் மூன்று அளவுகளைத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். சரிவின் மேலே ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அங்கிருந்து ஓஸ் குழாய் வழியாகக் கீழே தோட்டத்திற்கு நீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டி நிற்கும் உயரம் போன்றது வோல்ட். குழாயில் ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர். இவ்விரண்டையும் பெருக்கினால் வருவது வாட். அதுவே கைப்பேசிக்குக் கிடைக்கும் மின்திறன். 5 வோல்ட்டும் 2 ஆம்பியரும் தரும் சார்ஜர் 10 வாட் சார்ஜர் ஆகும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிக்கொள்வது நலம். பெரிய சார்ஜரைப் பொருத்தினால் கைப்பேசி கெட்டுவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். சார்ஜர் மின்சாரத்தைத் தள்ளுவதில்லை. கைப்பேசிதான் தனக்கு வேண்டியதை இழுத்துக்கொள்கிறது. புதுவகைச் சார்ஜர்கள் 9, 15, 20 வோல்ட் என உயரவும் வல்லவை. எனினும் கைப்பேசி கேட்டு, சார்ஜர் இசைந்த பின்னரே அவ்வுயர்வு நிகழும். இசைவு இல்லையேல் 5 வோல்ட்டிலேயே நிற்கும். “5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர்” என்று இரு வரிகள் எழுதியிருந்தால் அவற்றைக் கூட்டக் கூடாது. ஒரு நேரத்தில் ஒன்றுதான் கிடைக்கும்.

இனி மின்மானியைப் பற்றிச் சொல்வோம். யு.எஸ்.பி. மின்மானி என்பது விரலளவுள்ள சிறு பெட்டி. அதன் ஒரு முனையைச் சார்ஜரில் செருகி, மறுமுனையில் கேபிளைச் செருகினால், வோல்ட், ஆம்பியர், வாட் ஆகியவற்றைத் திரையில் காட்டும். எத்தனை மில்லி ஆம்பியர் மணி, எத்தனை வாட் மணி பாய்ந்தது என்ற கூட்டுத்தொகையையும் பல மானிகள் காட்டும். தட்டையான பழைய ஏ-வகைச் செருகி உள்ளது, நீள்வட்டமான டைப்-சி செருகி உள்ளது என இருவகை உண்டு. ஏ-வகை மானியால் டைப்-சி சார்ஜரின் உயர் வோல்ட்டைச் சோதிக்க இயலாது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கு விற்பனைக்கு வரும் கைப்பேசிகளுக்கு டைப்-சி துளையைக் கட்டாயமாக்கியுள்ளது. நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-ஆம் ஆண்டின் தரக்குறிப்பு ஒன்றை இவ்வகைக்கு வெளியிட்டுள்ளது. எனவே சங்கம் ஒரே மானி வாங்குவதானால் இருவகைத் துளைகளும் உள்ளதாக, குறைந்தது 20 வோல்ட்டும் 5 ஆம்பியரும் தாங்குவதாக வாங்குதல் உசிதம்.

தராசைச் சோதிக்காமல் சரக்கை நிறுக்கலாகாது. ஆகவே மானியையே முதலில் சோதிக்க வேண்டும். நல்ல நிறுவனத்தின் சார்ஜர் ஒன்றில் மானியை மட்டும் செருகினால் 5 வோல்ட்டை ஒட்டிக் காட்டவேண்டும். பின்னர் மின்வினைஞரின் மல்டிமீட்டரோடு ஒப்பிட்டு நோக்குக. நூற்றுக்கு இரண்டுக்கு மேல் வேறுபட்டால் அந்த மானி வேண்டாம். எதையும் செருகாதபோது ஆம்பியர் பூஜ்யத்தைக் காட்டுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

சார்ஜரைச் சோதிக்கும் முறை இது. மின்சாரம் பாதி குறைந்த கைப்பேசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய நிரம்பிய கைப்பேசி தானாகவே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளுமாதலால் அதைக் கொண்டு சார்ஜரைக் குறை சொல்வது நியாயமன்று. மானியைச் சார்ஜரிலேயே செருகி, தரமான குட்டைக் கேபிளால் கைப்பேசியை இணைக்க வேண்டும். வெறுமனே இருக்கையில் 5 வோல்ட் காட்டுவது பெரிதன்று. பாரம் ஏறிய பின்னும் நிற்கிறதா என்பதே கேள்வி. 5 வோல்ட் சார்ஜர் பாரத்தில் 4.75-க்குக் கீழே இறங்குமானால் உறையில் எழுதிய ஆம்பியரை அது தர வல்லதன்று என்று கொள்ளலாம். கைப்பேசி இழுக்கும் அளவு போதாதெனில், மின்பாரமாக உபயோகிக்கும் சிறு மின்தடைப் பலகை கடைகளில் கிடைக்கும். அது கடுமையாகச் சூடேறுமாதலால் கையாலும் துணியாலும் தொடலாகாது. அரைமணி நேரம் ஓடிய பின் சார்ஜரைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கையில் பிடிக்க முடியாத சூடும் தீய்ந்த வாசனையும் உடனே ஒதுக்கவேண்டிய அறிகுறிகள்.

அடுத்து கேபிள். சார்ஜர் மீது சுமத்தப்படும் குற்றங்களில் பல உண்மையில் கேபிளின் குற்றங்களே. நெசவாளர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். நூலில் 20-ஆம் நம்பர் தடிப்பு, 80-ஆம் நம்பர் மெலிவு அன்றோ? கேபிளின் உள்ளே உள்ள செம்புக் கம்பிக்கும் ஏ.டபிள்யூ.ஜி. என்னும் நம்பர் உண்டு. அங்கும் நம்பர் ஏற ஏறக் கம்பி மெலியும். மெல்லிய குழாயில் நீர் தடைப்படுவது போல மெல்லிய கம்பியில் வோல்ட் வழியிலேயே குறைந்துபோகும்.

கணக்கைப் பாருங்கள். மின்சாரம் போகவும் திரும்பவும் இரு கம்பிகள் வேண்டும். 28-ஆம் நம்பர் கம்பியுள்ள ஒரு மீட்டர் கேபிளில் 2 ஆம்பியர் ஓடினால் சுமார் 0.85 வோல்ட் வழியில் வீணாகும்; 5 வோல்ட் புறப்பட்டு 4.15 மட்டுமே போய்ச் சேரும். அதே நீளத்தில் 22-ஆம் நம்பர் கம்பியானால் வீணாவது சுமார் 0.21 வோல்ட்டே, 4.79 போய்ச் சேரும். நீளம் இரட்டித்தால் நஷ்டமும் இரட்டிக்கும். வீணான சக்தி சூடாக மாறிக் கேபிளையே கெடுக்கிறது. ஆகவே வேண்டிய நீளத்திற்கு மேல் வாங்குவது சிக்கனமாகாது.

கேபிளைச் சோதிக்க, அதே சார்ஜர், அதே கைப்பேசி, ஏறத்தாழ அதே மின்னேற்ற நிலை இருத்தல் வேண்டும். கேபிளை மட்டுமே மாற்ற வேண்டும். இம்முறை மானி கைப்பேசியின் பக்கத்து முனையில் இருக்கவேண்டும். எந்தக் கேபிளில் வோல்ட்டும் ஆம்பியரும் கூடுதலாக நிற்கின்றனவோ அதுவே நல்லது. செருகியை மெல்ல அசைக்கும்போது எண்கள் துள்ளினால் அதன் இணைப்பு தளர்ந்தது என்று அறியலாம். இருபுறமும் டைப்-சி உள்ள சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் வரையே ஏற்கும். 5 ஆம்பியருக்கு அடையாளச் சில்லு பொதிந்த கேபிள் வேண்டும். முறையான சான்று பெற்றவற்றில் 60 வாட் அல்லது 240 வாட் என்று குறித்திருக்கும்.

தோட்டத்திற்குப் பவர் பேங்க் எடுத்துச் செல்வோர் ஒரு கணக்கை அறிதல் நலம். பச்சை ஏலக்காய் 5 கிலோ உலர்ந்தால் ஏறத்தாழ 1 கிலோதான் தேறும். பச்சை எடைக்கு உலர்ந்த காயின் விலையை எவரும் கொடுப்பதில்லை. பவர் பேங்கிலும் இத்தகைய பச்சை எடை உண்டு. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் மின்கலத்தின் அளவு. அது 37 வாட் மணி. 5 வோல்ட்டாக மாறி வெளிவரும்போது அதுவே 7,400 ஆகும்; மாற்றும் நஷ்டம் போகச் சுமார் 6,300 மானியில் தெரிந்தால் சரக்கு நேர்மையானதே. 3,000 மட்டும் தெரிந்தால் நிச்சயம் திருப்பிக் கொடுக்கவேண்டியதே.

அளக்கிற நாழி அகவிலை அறியுமா என்பது பழமொழி. மின்மானியும் அளவை மட்டுமே அறியும், ஆபத்தை அறியாது. வீட்டின் 230 வோல்ட் மின்சாரம் கைப்பேசியின் பக்கம் கசியாமல் உள்ளே நல்ல காப்பு இருக்கிறதா என்பதை அது காட்டாது. அதற்குத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையே துணை. மத்திய அரசு 2012-ஆம் ஆண்டு கொண்டுவந்த கட்டாயப் பதிவு முறையின்படி சார்ஜர்கள் பதிவு பெறவேண்டும். பின்னர் பவர் பேங்குகளும் சேர்க்கப்பட்டன. சார்ஜரின் மேல் முத்திரையும் “ஆர்” என்ற எழுத்துடன் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்கும். அவ்வெண்ணை அமைவனத்தின் “பி.ஐ.எஸ். கேர்” செயலியில் இட்டால் தயாரிப்பாளரின் விவரம் தெரியும். எண் இல்லாததையும், எண்ணும் பெயரும் பொருந்தாததையும், மானியில் எவ்வளவு நன்றாகத் தேறினாலும் வாங்கலாகாது.

தோட்டத்தினருக்கு மற்றொரு எச்சரிக்கை. ஏலக்காய் உலர்த்தும் அறையில் வெப்பம் 50 பாகை செல்சியஸை எட்டும். லித்தியம் மின்கலத்தை 45 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் மின்னேற்றுவது கேடு. ஆகவே உலர்கூடத்தில் கைப்பேசியைச் சார்ஜில் இடவேண்டாம். மழைக்காலத்தில் நனைந்த துளையை நன்கு உலர்த்திய பின்னரே கேபிளைச் செருக வேண்டும்.

இவ்வளவையும் ஒவ்வொரு அங்கத்தினரும் தனித்தனியே செய்யவேண்டியதில்லை. சங்கம் இருப்பது இதற்காகத்தான். சங்கத்திற்கு ஒரு மானி போதும். அங்கத்தினர்களின் தேவையைத் திரட்டி, இரண்டு மூன்று கடைகளில் விலைப்புள்ளியும் மாதிரியும் பெற்று, மேற்கூறியவாறு சோதித்துப் பார்த்துவிட்டுக் கொள்முதல் தீர்மானம் செய்யலாம். கடையின் பெயர், பதிவு எண், எழுதிய ஆம்பியர், பாரத்தில் நின்ற வோல்ட், சூடு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு வாங்குவோருக்கும் அது வழிகாட்டும். ரசீதைக் கேட்டு வாங்குவது அவசியம். குறைபாடுள்ள சரக்கைக் கடைக்காரர் திரும்பப் பெற மறுத்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தனி ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரித்து மழுப்பலாம். நூறு அங்கத்தினர்களின் தேவையோடும் அளந்த எண்களோடும் சங்கம் கேட்கும்போது அவர் நல்ல சரக்கையே எடுத்து வைப்பார். நூலிலும் காயிலும் நாம் கண்ட இந்தப் பலனைச் சார்ஜரிலும் காண்போமாக.