கடும் எக்ஸிமாவுக்கான டுபிலுமாப் ஊசி மருந்தும் 16ஆம் வார மதிப்பீடும்

எக்ஸிமா எனப்படும் கரப்பான் நோய் தோலில் தோன்றினாலும் அதன் காரணம் தோலோடு நின்றுவிடுவதில்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புத் தொகுதி ஓயாது தூண்டப்படுவதால் அழற்சியும் அரிப்பும் நீடிக்கின்றன. பூச்சு மருந்துகளுக்கும் மாத்திரைகளுக்கும் நோய் கட்டுப்படாதபோது வழங்கப்படும் உயிரியல் மருந்துகளுள் ஒன்று டுபிலுமாப். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் வளர்ந்தோருக்கு இதனை வழங்கலாம் என 2018ஆம் ஆண்டு பரிந்துரைக்கப்பட்டது.

மருந்து செயற்படும் முறை

நோய் எதிர்ப்புக் கலங்கள் சில புரதங்களின் வாயிலாக ஒன்றுக்கொன்று செய்தி அனுப்புகின்றன. அவற்றுள் இன்டர்லியூக்கின் 4, இன்டர்லியூக்கின் 13 ஆகியவை ஒவ்வாமை அழற்சியைத் தூண்டுபவை. இவ்விரு செய்திகளையும் பெறும் ஏற்பியில் டுபிலுமாப் ஒட்டிக்கொண்டு அவற்றைத் தடுக்கிறது. நோய் எதிர்ப்பைப் பரவலாகத் தாழ்த்தும் மாத்திரைகளிலிருந்து இது இவ்வாறே வேறுபடுகிறது. கடும் ஆஸ்துமாவின் சில வகைகளுக்கும் இது பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

இது புரதமாதலால், விழுங்கினால் சமித்துவிடும். ஆகவே தோலின் கீழ் ஊசியாக ஏற்றப்படுகிறது. எக்ஸிமா உள்ள வளர்ந்தோருக்கு முதல் தடவை 600 மில்லிகிராமும், பின்னர் வழமையாக இரு வாரங்களுக்கு ஒருமுறை 300 மில்லிகிராமும் வழங்கப்படும். பயிற்சி பெற்றபின் வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம். மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைத்தல் வேண்டும், உறைய விடலாகாது.

கவனிக்க வேண்டியவை

இம்மருந்து நோயைக் கட்டுப்படுத்துமேயன்றி வேரோடு நீக்காது. திடீர் மூச்சிழுப்புக்கு உடனடி நிவாரணமும் அன்று. ஸ்டீராய்டு மருந்துகளையோ இன்ஹேலரையோ வைத்தியரின் ஆலோசனையின்றி நிறுத்தலாகாது. கண்கள் சிவந்தாலோ உறுத்தினாலோ சிகிச்சைக் குழுவுக்கு அறிவித்தல் வேண்டும். தடுப்பூசி பெறுமுன் இம்மருந்தைப் பற்றிக் கூறுதல் அவசியம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே 999ஐ அழைக்க வேண்டும்.

16ஆம் வார மதிப்பீடு

எக்ஸிமாவுக்குச் சிகிச்சை பெறும் வளர்ந்தோருக்கு 16ஆம் வாரத்தில் மதிப்பீடு நடைபெறும். போதிய முன்னேற்றம் இல்லையெனில் மருந்து நிறுத்தப்படும். தோலின் நிலைக்கு ஒரு புள்ளியும், நோய் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்கு மற்றொரு புள்ளியும் கணிக்கப்படும். இரண்டாவது புள்ளி நோயாளரின் விடைகளையே சார்ந்தது. சிகிச்சை தொடங்குமுன், உறக்கமின்மையையும் வேலையில் ஏற்படும் இடையூறுகளையும் மறைத்துப் "பரவாயில்லை" என்று கூறியவருக்கு, பின்னர் ஏற்படும் முன்னேற்றம் கணக்கில் தெரியாமற் போகலாம்.

கருநிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது, சாம்பல் அல்லது கரும்பழுப்பு நிறமாகத் தோன்றலாம். மதிப்பிடும்போது தோலின் நிறத்தையும் நோயாளரின் தொடர்பாடல் சிரமங்களையும் கருத்திற்கொள்ள வேண்டும் எனப் பரிந்துரையே கூறுகிறது. இதனை வைத்தியரிடம் நினைவூட்டுவதில் தவறில்லை.

தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளர் உதவிக்குக் கட்டணம் இல்லை. சந்திப்புக்கு முன்னரே தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையெனக் கேட்டுக்கொள்ளல் நன்று. பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்ப்பதைத் தவிர்ப்பது நோயாளருக்கும் பிள்ளைகளுக்கும் நலம் தரும்.