நிழல் மூலைக்கு எந்த மரம்?

வீட்டின் பின்புறம் ஒரு மூலை. ஒரு பக்கம் வீட்டுச் சுவர். மறுபக்கம் மதில். காலையில் கொஞ்சம் வெயில் வரும். அப்புறம் நிழல்தான்.

அங்கே ஒரு மாங்கன்றை வைப்பார்கள். இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றுவார்கள். கன்று வெயிலைத் தேடிக் கொக்கின் கழுத்துப் போல நீளும். தண்டு பருக்காது. பூவும் இராது, காயும் இராது. ஒருநாள் காற்றில் சாய்ந்துவிடும்.

"நம் வீட்டு மண்ணுக்கு ராசி இல்லை" என்று சொல்லிவிடுவார்கள்.

குற்றம் மண்ணில் இல்லை. ராசியிலும் இல்லை. இடத்துக்கு ஏற்ற மரத்தை வைக்காததுதான் குற்றம்.

மா, கொய்யா, முருங்கை ஆகியவை நல்ல வெயிலில்தான் காய்க்கும். அரை நிழலிலும் வளர்ந்து, ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கும் மரங்கள் வேறு இருக்கின்றன.

வெயிலை அளப்பது எப்படி?

கன்று வாங்கும் முன் வெயிலைக் கவனிக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் மணிக்கு ஒரு முறை அந்த இடத்தைப் பாருங்கள். 3 மணி முதல் 6 மணி நேரம் வரை வெயில் விழுந்தால், அது அரை நிழல்.

ஒரு நாள் பார்த்தால் மட்டும் போதாது. வைகாசி, ஆனி மாதங்களில் சூரியன் வடக்கே சாய்ந்து செல்லும். அப்போது வடக்குச் சுவர் ஓரத்திலும் உச்சி வெயில் விழும்.

மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடும். சென்னையில் அப்போது நடுப்பகலிலேயே, 10 அடி உயரச் சுவரின் நிழல் வடக்கே சுமார் 7 அடி தூரம் விழும். ஆனியில் வெயிலாக இருந்த இடம் மார்கழியில் நிழலாகிவிடும்!

நிழலிலும் இரண்டு வகை உண்டு. சுவர் நிழலில் ஈரம் சீக்கிரம் காயாது. தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். பெரிய மரத்தின் நிழல் அப்படி அல்ல. அந்த மரத்தின் வேர்களே ஈரத்தைக் குடித்துவிடும். அங்கே தண்ணீர் கூடுதலாக வேண்டும்.

எது உண்மையான அசோகு?

சீதை இருந்த அசோகவனத்தை அறியாதவர் இல்லை. ஆனால் "அசோக மரம்" என்று பல வீடுகளில் வளர்ப்பது அசோகு அல்ல, நெட்டிலிங்கம்!

நெட்டிலிங்கம் கம்பம் போல ஒல்லியாக உயரும். அதன் பூ பச்சை நிறம். எளிதில் கண்ணில் படாது.

உண்மையான அசோகு, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் ஓடைக் கரைகளில் வளர்வது. பெரிய மரங்களின் நிழலிலேயே வளர்ந்து பழகியது. இளந்தளிர்கள் செம்பு நிறத்தில் துவண்டு தொங்கும். ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அரை நிழல் மூலைக்கு ஏற்ற மரம் இது. ஆனால் மண்ணில் ஈரம் இருக்க வேண்டும்.

மருந்துக்காகப் பட்டையை உரிப்பதால், காடுகளில் இந்த மரம் குறைந்து வருகிறது. வீட்டில் ஒன்று வைப்பதும் நல்ல காரியமே.

மகிழம், பாக்கு, கறிவேப்பிலை

மகிழம் மெதுவாக வளரும். அடர்த்தியாக நிழல் தரும். அதன் பூ காய்ந்த பிறகும் மணக்கும். திருவொற்றியூர் கோவிலின் தல மரம் இதுதான். கிளை பரப்பும் மரமாதலால், சுவரிலிருந்து 12 அடியாவது தள்ளி வைக்க வேண்டும்.

இடம் குறுகலா? தண்ணீர் வசதி உண்டா? பாக்கு வைக்கலாம். மேற்கு வெயில் நேராகப் பட்டால் பாக்கு மரத்தின் தண்டு வெந்து வெடிக்கும். அதனால் மேற்கே சுவர் இருப்பது அதற்கு நன்மையே.

சமையலுக்கு உதவ வேண்டுமா? கறிவேப்பிலை இருக்கிறது. அரை நாள் வெயில் கிடைத்தாலும் தழைக்கும். அடிக்கடி நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் வரும்.

பச்சை மரம் இலை உதிர்க்காதா?

உதிர்க்கும். ஆனால் மொத்தமாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. நாட்டு வாதுமை அப்படி அல்ல. இலைகள் சிவந்து, மொத்தமாகக் கொட்டி, மரம் மொட்டையாக நிற்கும். குப்பை கூட்ட ஆள் இல்லாத வீட்டுக்கு அது சரிப்படாது.

நடும் முறை

மழைக்காலத் தொடக்கமே ஏற்ற சமயம். 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். மேல்மண்ணோடு மக்கிய தொழு உரம் கலந்து நிரப்புங்கள். கன்றைச் சுற்றி சிமெண்டு பூசாதீர்கள். வேருக்கும் காற்று வேண்டும்.

இன்று வைக்கும் மகிழங்கன்று நாளையே நிழல் தராது. வைத்தவரின் பேரப்பிள்ளைகள் அதன் அடியில் பூப் பொறுக்குவார்கள். ஆகவே, அவசரப்பட்டுக் கன்று வாங்காதீர்கள். முதலில் அந்த மூலையில் நின்று, வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.