மிட்டாய் வாங்கினால் கதை இலவசம்!

ஜப்பானியக் கார்ட்டூன் படங்கள் இன்று உலகெங்கும் விலைபோகின்றன. அந்தக் கலையின் வேர்களுள் ஒன்று, மிட்டாய் விற்ற ஒரு சில்லறை வியாபாரியின் சைக்கிளில் இருக்கிறது.

1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் ஜப்பானிலும் பலர் வேலை இழந்தனர். அவர்களில் பலருக்குச் சோறு போட்ட தொழில் 'கமிஷிபாய்'. காகித நாடகம் என்று பொருள். சைக்கிளின் பின்னால் ஒரு மரப்பெட்டி. இழுப்பறையில் மிட்டாய், மேலே படச் சட்டம். தெருமுனையில் நின்று இரண்டு மரக்கட்டைகளைத் தட்டினால் பிள்ளைகள் ஓடிவருவார்கள். மிட்டாய் வாங்கியவர்களுக்கு முன்வரிசை. காசில்லாத பிள்ளை பின்னால் நின்று எட்டிப் பார்க்க வேண்டியதுதான். விற்பனை முடிந்ததும் படங்களை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொல்வார். விறுவிறுப்பான கட்டத்தில் 'தொடரும்' என்று நிறுத்திவிடுவார். மறுநாள் வியாபாரத்துக்கு அன்றே அச்சாரம்!

இதிலும் மொத்த வியாபாரி உண்டு. ஓவியர்களைக் கொண்டு படம் வரையச் செய்து வாடகைக்கு விடுவார். எனவே கதை சொல்பவருக்குப் படத்தில் முதல் முடங்காது. மண்டையோட்டு முகம் கொண்ட 'தங்க வௌவால்' என்ற வீரன் இப்படித்தான் பிறந்தான்.

1953-இல் அங்கே தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அதை 'மின்சாரக் கமிஷிபாய்' என்றே மக்கள் அழைத்தார்கள். கதை வீட்டுக்குள் போனது, பிள்ளைகளும் போனார்கள். வெறும் மிட்டாய்க்காகத் தெருமுனைக்கு யாரும் வரவில்லை. படம் வரைந்தவர்களில் மிசுகி ஷிகேரு போன்றோர் காமிக்ஸ் புத்தகத்துக்கு மாறிப் புகழ்பெற்றனர். சைக்கிள்காரரின் பிழைப்புதான் போயிற்று.

1963 ஜனவரி 1-ஆம் தேதி ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' தொலைக்காட்சித் தொடர் வந்தது. விளம்பரதாரர் மெய்ஜி என்ற மிட்டாய் நிறுவனம். அதன் சாக்லேட்டுடன் கதாநாயகனின் ஸ்டிக்கர் இலவசம். பழைய யுக்திதான், கைதான் மாறிவிட்டது. 1971-இல் வேறொரு நிறுவனம் தொலைக்காட்சி வீரனின் பட அட்டையுடன் 20 யென்னுக்கு நொறுக்குத்தீனி விற்றது. அட்டையை எடுத்துக்கொண்டு தீனியைப் பிள்ளைகள் வீசி எறிந்தது நாடே பேசிய விவகாரமாயிற்று.

நமக்கும் பட்டறிவு உண்டு. பொம்மை இலவசம் என்று வந்த பிஸ்கட்டைப் பெட்டி பெட்டியாகக் கொள்முதல் செய்தோம். பொம்மை நின்றது, சரக்கும் நின்றது. கிடங்கிலேயே நமுத்துப்போனது.

இலவசம் கூட்டத்தைக் கூட்டும். ஆனால் சரக்கைத் தேடி வருகிறவரே நம் வாடிக்கையாளர். அடுத்த முறை கொள்முதல் செய்யுமுன், உள்ளிருக்கும் பண்டத்தை ஒரு வாய் தின்று பார்ப்போம்.